கசட் பெட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஹட்டனுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து உங்கள் பக்கத்தை வாசிக்கிறேன். பாட்டு, ரீவி காமெடி பற்றி நீங்கள் எழுதுவதில் பாதி எனக்கு உடன்பாடு, பாதி இல்லை. சில கேள்விகள். இப்போது வருகிற பாட்டெல்லாம் ஒரே இரைச்சலாகத் தெரிகிறது. இருபத்தாறு வயதிலேயே எனக்கு வயசாகிவிட்டதா? காமெடி நிகழ்ச்சிகளில் நடுவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஏன்? ஸ்பொட்டிபைக்கு மாதக் காசு கட்டலாமா, யூடியூப் போதுமா?

இன்னொன்று. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுப் புது வீட்டுக்குப் போகிறோம். தாத்தாவின் தகரப் பெட்டி நிறையக் கசட் இருக்கிறது. பாதி சினிமாப் பாட்டு. மிச்சத்தில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்து, ரேடியோ நகைச்சுவை நாடகம், ஒப்பாரி என்று அவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. சிலதில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஒன்றைப் பழைய செட்டில் போட்டு, ஃபோனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்து வட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த கசட்டைச் செட் இழுத்து அறுத்துவிட்டது. எல்லாம்தான் நெட்டில் கிடைக்கிறதே, வீசிவிடு என்கிறார் அம்மா. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஒரு வாசகன், பொகவந்தலாவை

அன்புள்ள தம்பி,

முதல் மூன்றையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். உங்களுக்கு வயசாகவில்லை. மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே உயரத்துக்கு ஏற்றி நிரப்பி விடுகிற வழக்கம் 1990களில் வலுத்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. காதுக்கு ஓய்வில்லாததால் மூன்றாவது பாட்டிலேயே அலுப்பு வருகிறது. அனிருத்தின் பாட்டை பஸ் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். காமெடி பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள், நடுவர் சிரிப்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஸ்பொட்டிபை 2021இல் இலங்கைக்கு வந்தது. விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் காசு கட்டாமலே கேட்கலாம்.

நீங்கள் 'இன்னொன்று' என்று கடைசியில் போட்டதுதான் கடிதம். பாட்டும் நிகழ்ச்சியும் கம்பெனிகளின் கையில் எவ்வளவு காலம் பத்திரமாக இருக்கும் என்று நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. வாசித்ததும் கோபம்தான் வந்தது.

எல்லாம் நெட்டில் கிடைக்கிறதா? யார் சொன்னது? ஒரு காலத்தில் உலகத்து இளம் பாட்டுக்காரர்கள் எல்லாம் தங்கள் பாட்டை ஏற்றி வைத்த இடம் மைஸ்பேஸ். 2003இலிருந்து 2015 வரை ஏற்றிய பாட்டுகள், ஐந்து கோடிக்கும் மேல், சேர்வர் மாற்றியபோது போய்விட்டன என்பது 2019இல் வெளியே வந்தது. கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. படமும் தொடரும் காட்டுகிற அமெரிக்கத் தளம் எச்பிஓ மேக்ஸ் 2022இல் தன் சொந்தத் தொடர்களையே, கார்ட்டூன்கள் உட்பட, கூட்டம் கூட்டமாக எடுத்துவிட்டது. இவை எதுவும் களவோ தீ விபத்தோ இல்லை. செலவுக் கணக்கும் கவனக் குறைவும்தான். கம்பெனிக்குப் பாட்டு சரக்கு. விற்காத சரக்கை எந்தக் கடையும் தட்டில் வைத்திருக்காது.

கம்பெனிதான் இப்படி என்றில்லை. மக்கள் காசில் நடக்கிற பிபிசியே 1960களிலும் 70களிலும் தன் நிகழ்ச்சி நாடாக்களை அழித்து அவற்றின் மேல் வேறு நிகழ்ச்சி பதிந்தது. நாடா விலை கூட, மறு ஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு, வைக்க இடமில்லை. அப்படிப் போனதில் டாட்ஸ் ஆர்மி போன்ற நகைச்சுவைத் தொடர்களின் பகுதிகளும் உண்டு. அதே பிபிசியின் டாக்டர் ஹூ தொடரில் படம் தொலைந்த பகுதிகள் எல்லாவற்றுக்கும் இன்று ஒலி மட்டும் இருக்கிறது. எப்படித் தெரியுமா? அந்தக் காலத்து இரசிகர்கள் வீட்டு ரீவிக்கு முன்னால் டேப் ரெக்கோடரை வைத்துப் பதிந்தார்கள். நிறுவனம் அழித்ததை வீட்டுக்காரர்கள் காப்பாற்றினார்கள்.

உங்கள் தாத்தாவும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார். ரேடியோ நகைச்சுவை என்று அவர் எழுதியிருப்பது என்ன நாடகமோ, போட்டுக் கேட்டால்தான் தெரியும். இலங்கை வானொலியில் கோமாளிகளின் கும்மாளம் என்ற நகைச்சுவை நாடகத்தை எவ்வளவு பேர் கேட்டார்கள் என்றால், 1976இல் கோமாளிகள் என்று படமாகவே எடுத்தார்கள். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்ற பாத்திரப் பெயர்கள் நடிகர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பேச்சுத் தமிழ். சிரிப்பு முழுவதும் காதில்தான் நடக்கும். ரீவி காமெடியில் சிரிப்பு வரவில்லை என்கிற நீங்கள் அந்தப் பெட்டியையே வீசப் பார்க்கிறீர்கள்.

காமன் கூத்து இன்னும் பெரிய விஷயம். மாசியில் காமன் நட்டு, ரதி மதன் கல்யாணம் நடத்தி, மதனை எரிக்கும் வரை நாள்கணக்கில் போகிற கூத்து. கூத்து மாஸ்டர் மாறினால் வரி மாறும், மெட்டு மாறும். பக்கத்துத் தோட்டத்துப் பதிவு உங்கள் தோட்டத்துக்கு ஆகாது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளை எழுத்தில் சேர்த்து வைத்தார். தொழிற்சங்கக்காரர் மீனாட்சி அம்மை தொழிலாளர்களுக்காகப் பாடியவை அச்சில் இருக்கின்றன. வரி நமக்குக் கிடைத்துவிட்டது. எந்த வரியை எவ்வளவு இழுத்தார்கள், ரதி அழுகிற இடத்தில் தப்பு மேளம் எப்படி அடங்கியது என்பதெல்லாம் காகிதத்தில் ஏறவில்லை. அது இருப்பது உங்கள் பெட்டியில்.

ஆகவே வீசக் கூடாது. அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இனி வேலைக்கு வருவோம்.

செட்டில் போடுவதற்கு முன் ஒவ்வொரு கசட்டின் முதுகுப் பக்கத்தையும் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். யாராவது அந்த ஓட்டையில் டேப் ஒட்டியிருந்தால் அதையும் உரியுங்கள். அதன் பிறகு கை தவறி ரெக்கோட் பட்டனை அமுக்கினாலும் அது இறங்காது. இந்த ஒன்றைச் செய்யாமல் போனதால் அழிந்த பதிவுகள் ஏராளம்.

வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சணம். கசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுற்றின் ஓரத்தில் தூளாகத் தெரியும். பூத்த கசட்டை எந்தச் செட்டிலும் போடாதீர்கள். செட்டுக்குள் தூள் போய் அடுத்த கசட்டுக்கும் ஏறும். பூத்ததை வேறாகப் பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் போகாத டப்பாவில் இரண்டு வாரம் மூடி வையுங்கள். காய்ந்த பிறகுதான் தூள் உதிரும். வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் ஓரத்தைத் தட்டிவிட வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூட்டில் கசட் கூடு வளையும், நாடா இழுபடும், புகை படியும். பொகவந்தலாவையில் வைகாசியிலிருந்து தென்மேற்கு மழை, அந்த ஈரத்தில் இந்த வேலை ஆகாது. தை, மாசி, பங்குனிதான் உங்களுக்குத் தோது. பண்டாரவளைப் பக்கம் என்றால் ஆனி, ஆடியில்கூடச் செய்யலாம்.

இரண்டாவது கசட் அறுந்ததற்குக் கசட்டைக் குறை சொல்லாதீர்கள். பழைய செட்டில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சிலதில் உருகித் தாராகவே ஆகியிருக்கும். சுற்றி எடுக்கிற பக்கம் சுழலாது. உருளை மட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய நாடா உருளையில் சுற்றிச் சிக்கும், நீங்கள் பதறி இழுப்பீர்கள், அறும். பெல்ட்டை மாற்றுங்கள். ரப்பர் உருளை பளபளவென்று இறுகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நாடாவைப் படிக்கிற தலையையும் நாடாவை நகர்த்துகிற உலோகத் தண்டையும் ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடையுங்கள், 90 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கலாம், வேண்டாம். முடிந்தால் லைன் அவுட், அதாவது சத்தத்தை வயரில் வெளியே எடுக்கிற ஓட்டை, உள்ள பழைய டெக் ஒன்றைத் தேடி வாங்குங்கள். யூஎஸ்பி கசட் கன்வேட்டர் என்று விற்கிற சின்னப் பெட்டி வேண்டாம், அதில் வேகம் நிலையாக நிற்காது. எந்தச் செட்டானாலும் முதலில் சினிமாப் பாட்டுக் கசட் ஒன்றை இரண்டு பக்கமும் முழுதாக ஓட விடுங்கள். அது தப்பினால்தான் தாத்தாவின் கசட்டைப் போடலாம். நீண்ட காலம் ஓடாத கசட்டை முதலில் ஒருமுறை கடைசி வரை சுற்றித் திருப்பிச் சுற்றுங்கள், ஒட்டியிருந்த சுற்றுகள் விடுபடும். சி-120, அதாவது 120 நிமிடக் கசட், என்று போட்டிருந்தால் வேகமாகச் சுற்றாதீர்கள். அதன் நாடா சி-60இல் பாதித் தடிப்புத்தான்.

அடுத்தது நான் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம். யாரும் கேட்பதில்லை, நீங்களாவது கேளுங்கள். செட்டின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய வெட்டு இருக்கிறது. நாடாவுக்கு அது நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிந்த செட்டில் அது ஒரு மயிரளவு சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வோடுதான் பாட்டு நாடாவில் ஏறியிருக்கும். வேறு சாய்வுள்ள செட்டில் போட்டால் கீழ்ச்சத்தம் வரும், மேல்ச்சத்தம் போய்விடும். தப்பின் அதிர்வு கேட்கும், மெல்லிய குச்சி சுண்டுகிற 'டிக்' கேட்காது. குரல் கேட்கும், சொல் விளங்காது. உங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் விளங்காமல் போனதில் பாதி இதனாலாக இருக்கலாம். மீதி ஃபோன் செய்த வேலை. ஸ்பீக்கரில் வந்ததை அறை எதிரொலியோடு எடுத்து, அதை வட்ஸ்அப் இன்னும் சுருக்கி அனுப்பியது.

இதைச் சரி செய்யப் பணம் வேண்டாம். தலையின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகு இருக்கும், மேலே வண்ண மெழுகு பூசியிருப்பார்கள். அது முதலில் இருந்த நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கசட்டை ஓட விட்டு, ஹெட்போனில் இடது, வலது இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி, அதாவது மொனோவில், கேளுங்கள். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் அரைக்கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். 'ஸ்ஸ்' என்ற நாடா இரைச்சல் எந்த இடத்தில் கூர்மையாக எழுகிறதோ அங்கே நிறுத்துங்கள். 'ச', 'ட' எழுத்துகள் அங்கே தெளிந்து வரும். இரைச்சல் கூடுகிறதே என்று பயப்படாதீர்கள், இரைச்சல் தெளிவாகக் கேட்கும் இடத்தில்தான் பாட்டும் தெளிவாக இருக்கும். அடுத்த கசட்டுக்கு மறுபடி பாருங்கள். கசட்டுக்குக் கசட், ஏன், ஒரே கசட்டின் இரண்டு பக்கத்துக்கும்கூட மாறும். பெரிய கடையில் கொடுத்து மாற்றி வாங்குகிறவர்கள் பலருக்கு இதைச் செய்து கொடுப்பதில்லை, ஒரே நிலையில் வைத்து எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறார்கள். பிறகு மென்பொருளில் எதைத் தட்டினாலும் நாடாவிலிருந்து எடுக்காத சத்தம் வராது.

லப்டொப்பில் இருக்கிற ஒற்றை ஓட்டை ஹெட்போனுக்கும் மைக்குக்குமானது. அதில் செருகினால் சத்தம் உடையும், இடதும் வலதும் ஒன்றாகிவிடும். பெஹ்ரிங்கர் யூசிஏ202 போன்ற சின்ன யூஎஸ்பி பெட்டி ஒன்றை இடையில் வையுங்கள். பதிகிற மென்பொருள் ஓடாசிட்டி இலவசம். அதில் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். ஒலிக்காப்பகக்காரர்கள் 24 பிட் வேண்டும் என்பார்கள், பெட்டி 16 பிட்தான் தரும் என்றால் அதிலேயே பதியுங்கள். கசட்டின் தரத்துக்கு அது போதும், நல்ல பெட்டி வாங்கும் வரை என்று காத்திருக்கிற வருஷத்தில் பூஞ்சணம் வளரும். சத்தம் மிகக் கூடுகிற இடம் −12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். சிவப்பைத் தொட்டால் அந்த இடம் போனது போனதுதான். வேவ் கோப்பாகச் சேமியுங்கள். 24 பிட்டில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட், 16 பிட்டில் 700 மெகாபைட்டுக்குள். எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம்.

தாத்தாவின் செட் மொனோவாக இருந்திருந்தாலும் இடது, வலது இரண்டையும் பதியுங்கள். ஒன்று மற்றதைவிடச் சுத்தமாக இருக்கும், எது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கரண்டில் ஓடிய செட்டில் பதிந்திருந்தால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே அது 50இலும் 100இலும் நிற்க வேண்டும். சத்தத்தை ஹெர்ட்ஸ் வாரியாகக் காட்டுகிற ஓடாசிட்டியின் பிளொட் ஸ்பெக்ட்ரமில் 100க்குப் பதிலாக 104இல் நின்றால் நூற்றுக்கு நாலு வேகமாக ஓடுகிறது. கசட் இல்லாமலும் ஒருமுறை பதிந்து பாருங்கள், உங்கள் டெக் தானாகப் போடுகிற முனகல் அப்போது தெரியும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கூத்து நடந்தது வெளியில், பற்றரியில் பதிந்திருப்பார், அதில் இந்த முனகல் இருக்காது. ஆனால் பற்றரி இறங்க இறங்கப் பதிகிற செட் மெதுவாகும், அதை இப்போது சரியான வேகத்தில் போட்டால் விடிகாலைக் காட்சிகளில் குரல் ஏறிக்கொண்டே போகும். பாடினவர் கத்தினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் திருத்துவது பிரதியில் மட்டும். முதல் கோப்பைத் தொடக் கூடாது. இரைச்சலைக் குறைக்கிற நொய்ஸ் ரிடக்ஷன் என்ற பட்டனைக் கண்டதும் எல்லோருக்கும் கை ஊறும். கூட்டிப் போட்டால் இரைச்சலோடு தப்பின் முனையும் மழுங்கும், குரல் குழறும். போட்டே ஆக வேண்டும் என்றால் 6 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள்.

கசட் அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள். பாடினவர் யார், தோட்டத்தில் எந்த டிவிசன், எந்த வருஷம், தப்பு அடித்தது யார் என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அப்பாயி இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். குரலைக் கேட்டதும் பெயர் சொல்கிறவர்கள் அந்தத் தலைமுறையில்தான் இருக்கிறார்கள்.

மூன்று பிரதி வேண்டும். ஒன்று உங்கள் ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறொரு டிஸ்கில், ஒன்று வேறு ஊரில், கொழும்பிலோ கண்டியிலோ சொந்தக்காரர் வீட்டில். இதை நம் ஊருக்காக அழுத்திச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. அங்கே போன உயிர்களுக்கு முன் கசட்டைப் பற்றிப் பேச வாய் வராது. ஆனால் படம், கடிதம், பதிவு என்று ஒரு குடும்பம் தன்னைப் பற்றி வைத்திருந்ததெல்லாம் அதே மண்ணுக்குள்தான் போனது. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இரண்டு டிஸ்கை இரண்டு பிரதி என்று எண்ணாதீர்கள்.

யூடியூபிலும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூத்தின் பின்னால் எங்கோ ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடியிருந்தால் உரிமை கோரி அறிவித்தல் வரும், திகைக்காதீர்கள். அங்கே இருப்பது கேட்பதற்கான பிரதி மட்டும். இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனத்தின் ஆவணகம் தளத்தில் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறார்கள், அவர்களுக்கு எழுதுங்கள். ஒப்பாரியை மட்டும் அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் எங்கும் ஏற்றாதீர்கள். அது ஒருவர் செத்த வீட்டில் அழுத அழுகை. அவர்கள் வேண்டாம் என்றால் பதிந்து, பெயர் எழுதி, அவர்களிடமே ஒரு பிரதி கொடுங்கள்.

மாற்றி முடிந்த பிறகும் கசட்டை வீசக் கூடாது. நிமிர்த்தி அடுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

அறுந்த கசட்டுக்கு வருகிறேன். இரண்டு நுனியையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சரிவாக வெட்டி, மேலேறாமல் முட்ட வைத்து, தலையைத் தொடாத உள்பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதற்கென்றே 3.81 மில்லிமீற்றர் அகலத்தில் ஒட்டு நாடா இருக்கிறது. செலோடேப் ஒட்டினால் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். கசங்கின இடத்தை வெட்டி எறியாதீர்கள், விரலால் நீவிவிட்டு அப்படியே சேருங்கள், அதிலும் பாட்டு இருக்கிறது. நுனி உள்ளே போய்விட்டதென்றால் கூட்டைத் திறக்க வேண்டும். ஐந்து திருகு இருந்தால் சுலபம், மேசையில் துணி விரித்துத் திறங்கள். திருகு இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் இன்னும் கை வைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா